தனிச் சிரிப்பும் சபைச் சிரிப்பும்

பஸராப் பட்டணத்துப் பேரறிஞர் ஜாஹிள், ஒரு மழையிரவில் தாம் சிரித்த சிரிப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹிஜ்ரி 255இல் காலமான இவர், அரபு உரைநடைக்கு உருக்கொடுத்த முன்னோடிகளுள் ஒருவர். கஞ்சர்களின் வரலாறுகளைத் திரட்டி இவர் எழுதிய ‘கிதாபுல் புகலா’ என்னும் நூலில் அந்த நிகழ்ச்சி வருகிறது.

இரவு நேரத்தில் ஜாமிஆ பள்ளிவாசலிலிருந்து ஜாஹிள் புறப்படுகிறார். உடன் வந்த மஹ்ஃபூள் என்பவரின் வீடு அருகில் இருக்கிறது. “இந்த மழையிலும் குளிரிலும் எங்கே போகப் போகிறீர்? என் இல்லத்தில் தங்கிச் செல்லும். அருமையான சீம்பாலும் உயர்ந்த பேரீச்சம் பழமும் இருக்கின்றன” என்று அவர் வற்புறுத்தி அழைத்துச் செல்கிறார். உணவும் வருகிறது. ஜாஹிள் கை நீட்டிய அந்த நொடியில் விருந்தளிப்பவரின் உபதேசம் தொடங்குகிறது. சீம்பால் எளிதில் செரிக்காது, இரவோ ஈரம் மிகுந்தது, உமக்கோ வயதாகிவிட்டது, பக்கவாத நோயும் இருக்கிறது, கொஞ்சமாக உண்டால் ஆசை தீராது, நிறைய உண்டால் இரவு முழுதும் எங்களுக்கு உறக்கமிராது. இதனை உம் முன் வைக்காமல் இருந்திருந்தால் கஞ்சன் என்பீர். வைத்துவிட்டு எச்சரிக்காமல் இருந்தால் இரக்கமற்றவன் என்பீர். இரண்டு பழிகளிலிருந்தும் நான் நீங்கிவிட்டேன். இனி உண்டு மடிவதும், பொறுத்துக்கொண்டு நலமாக உறங்குவதும் உம் விருப்பம்! இவ்வாறு போகிறது அந்த உபதேசம்.

ஜாஹிள் அன்று சிரித்ததுபோல் என்றுமே சிரித்ததில்லையாம். சீம்பால் முழுவதையும் உண்டு தீர்த்தாராம்; அச்சிரிப்பே அதனைச் செரிக்கவும் வைத்ததாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு குறையையும் அவர் சொல்கிறார். அந்தப் பேச்சின் சுவையை உணரக்கூடிய ஒருவர் அப்போது தம்முடன் இருந்திருந்தால், சிரிப்பே தம் உயிரைப் போக்கியிருக்கும் என்றும், தனித்திருப்பவனின் சிரிப்பு தோழர்களுடன் பங்கிட்டுக்கொள்ளும் சிரிப்பில் பாதிக்குக்கூட ஈடாகாது என்றும் கருத்துரைக்கிறார்.

கவனித்துப் பார்த்தால், ஜாஹிள் அவ்வறையில் தனியாக இல்லை. எதிரே மஹ்ஃபூள் அமர்ந்திருந்தார். ஆயினும் தம்மைத் தனித்திருந்தவராகவே அவர் கணக்கிடுகிறார். ஏன்? அருகிலிருந்தவர் அச்சுவையை உணர்ந்தவரல்லர். ஆள் இருப்பது வேறு, துணை இருப்பது வேறு என்பது இதனால் விளங்குகிறது.

திரைப்படத்தை ஆள் நிறைந்த அரங்கில் பார்ப்பதால் சுவை கூடுகிறதா, வீட்டில் தனித்துப் பார்ப்பதே மேலா என்ற வினா இன்று குடும்பந்தோறும் எழுகிறது. படம் பார்ப்பது ஆகுமா, எதனைப் பார்ப்பது தகும் என்பன வேறு விவாதங்கள். அவற்றை அவற்றுக்குரியோரிடம் விட்டுவிடுவோம். கூடிப் பார்த்தல் என்னும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, அது மனிதருக்கு எதனைத் தந்தது என்பதனை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருட்டறையும் நிழலாட்டமும்

திரைப்படக் கலைக்கு மூலமான ஒளியியல் உண்மைகளை ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் இப்னுல் ஹைதம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இவர், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலை யாத்தார். ஓர் இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே, வெளியில் பல விளக்குகளை வைத்தார். அறையின் உட்சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. ஒரே துளை வழியே பல ஒளிகள் ஒன்றோடொன்று கலவாமல் செல்கின்றன என்பதனை இவ்வாறு நிறுவினார். இருட்டறை, ஒளி, சுவர் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. ஆனால் அங்கே இருந்தவர் ஆராய்ச்சியாளர், அவை இல்லை.

அவை கூடியது நிழலாட்டத்தில்தான். ‘கயாலுள் ளில்’ என்று அரபியர் அழைத்த அக்கலையில், விளக்குக்கும் வெண்திரைக்கும் இடையே தோற்பாவைகளை ஆட்டிக் கதை நடத்துவர். மவ்ஸிலில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய இப்னு தானியால் (மறைவு ஹிஜ்ரி 710) இதற்கென எழுதிய மூன்று நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இவர் தொழிலால் கண் மருத்துவர். கெய்ரோவின் பாபுல் ஃபுதூஹ் வாயிலருகே மருந்திட்டு வந்தார். பகலில் கண்ணுக்கு மருந்தும் இரவில் கண்ணுக்கு விருந்தும் அளித்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

இக்கலையைப் பற்றி எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். கி.பி. 1517இல் உதுமானியச் சுல்தான் முதலாம் ஸலீம் எகிப்தை வென்று, கடைசி மம்லூக் சுல்தான் தூமான்பேயை ஸுவைலா வாயிலில் தூக்கிலிட்டார். பின்னர் ஓர் இரவில், நிழலாட்டக்காரன் ஒருவன் அந்தத் தூக்குக் காட்சியையே, கயிறு இருமுறை அறுந்து விழுந்தது உட்பட, பாவைகளைக் கொண்டு சுல்தானுக்கு ஆடிக் காட்டினான். சுல்தான் மகிழ்ந்து பரிசளித்தார். தம்முடன் இஸ்தான்புல்லுக்கு வருமாறும், தம் மகனும் இதனைக் காண வேண்டும் என்றும் கூறினார்.

இதில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. நாடாளும் மன்னரும் தாம் சுவைத்ததைத் தம்மவர் ஒருவருடன் பங்கிட விரும்புகிறார். இது முதலாவது. இரண்டாவது சற்றுக் கசப்பானது. அதே காட்சியை, தூமான்பேயின் மரணத்துக்காக அழுத கெய்ரோ மக்களின் நடுவே அவன் ஆடியிருந்தால் என்னவாகியிருக்கும்? பாவையும் விளக்கும் மாறவில்லை. சபை மட்டும் மாறியிருக்கும். சிரிப்பு இருந்த இடத்தில் கண்ணீரோ கல்வீச்சோ இருந்திருக்கும். கூட்டம் சுவையைக் கூட்டுமா என்று கேட்கும்போதே, எந்தக் கூட்டம் என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

பெட்டியா, மண்டபமா?

அசையும் படம் பிறந்த காலத்திலேயே இவ்வினாவும் உடன் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. அமெரிக்காவில் எடிசனின் தொழிற்கூடத்தில், அவருடைய உதவியாளர் டிக்ஸனின் பெருமுயற்சியால் உருவான கருவி ‘கினிட்டோஸ்கோப்’ ஆகும். அது ஒரு மரப்பெட்டி. மேலே உள்ள துளை வழியே ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே கொல்லுலை, சிகைக்கடை, சேவற்சண்டை போன்ற காட்சிகள் அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடி முடியும். 1894 ஏப்ரல் 14ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே வீதியில் இத்தகைய பெட்டிகள் 10 கொண்ட கடை திறக்கப்பட்டது. வரிசைக்கு 5 பெட்டிகள். ஒரு வரிசையைப் பார்க்கக் கட்டணம் 25 சென்ட். ஒரு பெட்டிக்கு ஒரு கண்ணாடி, ஓர் ஆள். அருகில் நிற்பவர் என்ன காண்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது.

மறு ஆண்டு, 1895 டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரின் கிராண்ட் கஃபே என்னும் விடுதியின் கீழ்த்தள அறையில் லூமியேர் சகோதரர்கள் படத்தைத் திரையில் வீழ்த்திக் காட்டினார்கள். கட்டணம் ஒரு பிராங்க். அன்று பணம் கொடுத்து வந்தவர்கள் 33 பேர் மட்டுமே. ஏறத்தாழ 50 விநாடி ஓடும் படங்கள் 10 காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று நகைச்சுவைப் படம். தோட்டக்காரர் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். சிறுவன் ஒருவன் பின்னால் வந்து நீர்க்குழாயை மிதித்துவிடுகிறான். நீர் ஏன் நின்றது என்று அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார். சிறுவன் காலை எடுக்கிறான். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ரயில் வண்டி திரையில் நெருங்கி வருவதைக் கண்டு பாரிஸ் மக்கள் அலறி ஓடினார்கள் என்றொரு கதை நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. ரயில் படம் அந்த முதல்நாள் நிகழ்ச்சியில் இடம்பெறவே இல்லை. அது பின்னர் காட்டப்பட்டது. மக்கள் வெருண்டோடியதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆயினும் இக்கதை நூறாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. தனியாக ஒருவன் அஞ்சினான் என்றால் அது அவனுடைய பலவீனம். ஒரு கூடமே அஞ்சியது என்றால் அது கலையின் வலிமை. கூட்டத்தின் உணர்ச்சியைக் கொண்டே கலையை அளப்பது மனித இயல்பாகிவிட்டது.

பெட்டிக்கும் மண்டபத்துக்கும் நடந்த போட்டியில் பெட்டி விரைவில் தோற்றது. 1896 ஏப்ரல் 23ஆம் நாள் எடிசனின் பெயரிலேயே, நியூயார்க் இசை மண்டபம் ஒன்றில் திரைக்காட்சி நடந்தது. படத்தை ஒரே நேரத்தில் பலருக்குக் காட்டுவது வணிகத்துக்கு ஆதாயம் என்பது உண்மைதான். ஆனால் ஆதாயம் கருதி ஒருவர் விற்கலாமேயன்றி, மக்கள் வாங்குவதற்கு வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை ஜாஹிள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்.

சிரிப்புக்கு விட்ட இடைவெளி

பின்வந்த கலைஞர்கள், சபையைக் கணக்கிலெடுத்தே படங்களை ஆக்கினார்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிட், தம் படங்களை முதலில் ஒரு கூட்டத்துக்குக் காட்டி, எங்கே சிரிப்பு எழுகிறது, எங்கே எழவில்லை என்று பார்த்துத் திருத்துவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் வெளிவந்த தம் படத்திற்காக, அதன் முக்கியமான காட்சிகளை முன்கூட்டியே மேடைகளில் நடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வேடிக்கைக்கும் சபை எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்பது குறித்துக்கொள்ளப்பட்டது. சிரிப்பொலியில் அடுத்த சொல் அமிழ்ந்துவிடாதபடி, படத்தில் அதற்கேற்ற இடைவெளி விடப்பட்டது.

அப்படத்தை இன்று வீட்டில் ஒருவர் தனித்துப் பார்த்தால், சில இடங்களில் நடிகர்கள் காரணமின்றிச் சும்மா நிற்பதுபோல் தோன்றும். அந்த வெற்றிடம் குறையன்று. சபைக்கென ஒதுக்கி வைத்த இருக்கை. அதில் அமர வேண்டியவர் வரவில்லை, அவ்வளவே.

நம் தமிழ் மரபும் இதனை அறிந்ததே. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டினை வகுக்கும்போது நகையையே முதலில் வைத்தது. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்று அவைக்கென இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். நூல் எழுதி முடிந்தால் போதாது; அவையில் அரங்கேற வேண்டும். என் பாட்டனார் காலத்தில் எங்கள் ஊரில் சீறாப்புராணம் படிக்கப்படும்போது, ஒருவர் இசையோடு பாடுவார். மற்றொருவர் பொருள் சொல்வார். ஊர் கூடிக் கேட்கும். உமறுப்புலவரின் பாட்டை வீட்டில் ஏட்டிலேயே படித்துக்கொள்ளலாமே என்று எவரும் சொன்னதில்லை. பொருள் தெரியாத முதியவள்கூடப் பக்கத்திலிருப்பவள் கண் கலங்குவதைக் கண்டு, இஃது உருகத்தக்க இடம் என்று அறிந்துகொள்வாள்.

பேசாப்பட காலத்திலும் இதே முறை நிலவியது. ஜப்பானில் ‘பென்ஷி’ என்னும் கதைசொல்லி திரைக்கருகே நின்று படத்தை விளக்குவார். அவருக்காகவே படத்துக்கு வந்தோர் பலர். நம் நாட்டுக் கொட்டகைகளிலும் எழுத்தறியாதோருக்காகக் கதையை உரக்கச் சொல்வோர் இருந்தனர். படம் ஊமையாயிருந்தது, சபை ஊமையாயிருக்கவில்லை.

யார் அந்தச் சபை?

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கூடிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

இந்தியாவின் முதற்காட்சி 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்ஸன் விடுதியில் நடந்தது. கட்டணம் ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய் உழைப்பாளிக்கு எட்டாத தொகை. விரைவில் நாவல்டி அரங்கில் நான்கணா முதல் இரண்டு ரூபாய் வரை கட்டணம் வகுக்கப்பட்டது. கோஷாப் பெண்டிருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் தனி அறைகள் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். அசையும் படம் நம் நாட்டில் கால் வைத்த சில நாட்களிலேயே, திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களும் திரையைக் காண வேண்டும் என்று கருதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தனி வாயில் வழியே ஏறி மாடத்தில்தான் அமர வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரே சட்டத்தின் முன் அவ்வேற்றுமை ஒழிந்தது. ஒரே நகைச்சுவைக்கு மேலேயும் கீழேயும் சிரித்தார்கள். படி இறங்கியபின் ஒருவரை ஒருவர் அறியார். சிரிப்பு ஒன்றானதால் மனிதர் ஒன்றாகிவிடவில்லை.

தமிழகத்தில் படத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த இவர், 1905இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்துப் படம் காட்டிக்கொண்டு வடக்கே லாகூர், பெஷாவர் வரை சென்றார். 1914இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை ‘கினிமா சென்ட்ரல்’ அரங்கில் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழ் திரையில் பேசத் தொடங்கியது. கொட்டகைகளில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று கட்டண வகுப்புகள் இருந்தன. பல இடங்களில் பெண்களுக்குத் தனிப்பகுதி இருந்தது. எனினும் ஒரு விந்தை. தரையில் அமர்ந்தவனே முதலில் சிரித்தான். அவனைப் பின்பற்றியே நாற்காலி சிரித்தது. வாழ்வின் பிற துறைகளில் மேலிருந்து கீழே வந்தது, இங்கு மட்டும் கீழிருந்து மேலே போயிற்று.

நான் கேட்ட படம்

ஒரு சொந்த அனுபவம். நான் சிறுவனாக அரபு மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த 1980களில், எங்கள் விடுதிக்குப் பின்னால், வயலுக்கு அப்பால் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. உள்ளே மணலைக் குவித்து மேடாக்கி அமர்வார்கள் என்று சக மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அங்கே செல்ல அனுமதியில்லை. கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருப்போம். காற்று எங்கள் பக்கம் வீசும் இரவுகளில் படத்தின் பேச்சு தெளிவாகக் கேட்காது. ஆனால் கொட்டகையின் சிரிப்பு கேட்கும். முதலில் குழந்தைகள், பிறகு பெண்கள், பிறகு அனைவரும்.

பாயில் படுத்திருந்த நாங்களும் சிரித்தோம். எதற்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் உஸ்தாத் ஒருநாள் படியேறி வந்து, “எதற்கடா சிரிக்கிறீர்கள்?” என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கொட்டகையிலிருந்து சிரிப்பு எழுந்தது. கண்டிக்க வந்தவரின் முகத்திலும் ஒரு புன்னகை ஓடி மறைந்ததை நிலவில் கண்டோம். ஒன்றும் சொல்லாமல் இறங்கிச் சென்றுவிட்டார்.

படமே இல்லாமல் சபை மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கே அவ்வளவு ஆற்றல் இருந்தது. பின்னாளில் ‘கிதாபுல் புகலா’வை அந்த உஸ்தாதிடமே பாடம் கேட்டபோது, சீம்பால் நிகழ்ச்சி வந்ததும் எனக்கு அந்த மொட்டை மாடி நினைவுக்கு வந்தது.

பெருக்கம் வேறு, நன்மை வேறு

இக்கால உளவியல் ஆய்வுகளும் ஜாஹிளின் கூற்றுக்கு அரண் செய்கின்றன. அமெரிக்க அறிஞர் இராபர்ட் புரோவைன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தாம் சிரித்த நேரங்களைக் குறிப்பேட்டில் பதிந்து வந்தார்கள். தொலைக்காட்சி, நூல் முதலிய துணைகளின்றித் தனித்திருந்தபோது சிரித்ததைவிட, பிறருடன் இருந்தபோது சிரித்தது ஏறத்தாழ 30 மடங்கு என்று தெரியவந்தது.

இதனினும் நுட்பமானது, 2014இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒரே இனிப்பான சாக்லேட்டை, பக்கத்திலிருப்பவரும் அதே நேரத்தில் சுவைக்கும்போது, அதன் ருசி கூடுதலாகத் தோன்றியது. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. பின்னர் கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தபோது என்ன நேர்ந்தது? கூடிச் சுவைத்தவர்களுக்கே கசப்பும் மிகுதியாகத் தெரிந்தது.

நம் வினாவுக்குரிய விடை இங்கே இருக்கிறது. கூட்டம் ஒரு பூதக்கண்ணாடி. அஃது எதனையும் நல்லதாக்குவதில்லை; உள்ளதைப் பெரிதாக்குகிறது. நல்ல நகைச்சுவை அங்கே பொங்குகிறது; மட்டமான கேலியும் அங்கே துணிவு பெறுகிறது. ஓர் ஏழைப் பாத்திரத்தின் துயரத்துக்கு நூறு பேர் ஒருசேர மௌனமாகும்போது, அம்மௌனம் தனி மனிதனின் மௌனத்தைவிட ஆழமானது. அதே நூறு பேர் ஓர் இனத்தையோ ஒரு பெண்ணையோ இழித்துரைக்கும் வசனத்துக்கு ஆர்ப்பரிக்கும்போது, நடுவில் அமர்ந்து மனம் நோகும் ஒருவரின் தனிமை எந்தத் தனியறையிலும் காணாத தனிமையாகும். சுல்தான் ஸலீமின் நிழலாட்டத்தை எண்ணிப் பாருங்கள்.

மேலும், கூட்டம் வேறு, மஜ்லிஸ் வேறு. கூட்டம் தானே சேர்வது. மஜ்லிஸ் அதபினால் அமைவது. திரையில் நாயகர் தோன்றியதும் எழும் சீழ்க்கையில் பத்து நிமிட வசனம் காதில் விழாமற் போவதும், முன்வரிசையில் ஒருவரின் கைபேசி ஒளிர்ந்து எல்லார் கண்ணையும் உறுத்துவதும் கூட்டத்தின் குணங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அடங்க வேண்டிய இடத்தில் அடங்கி, பக்கத்திலிருப்பவரின் கண்ணீரைக் கண்டும் காணாதது போலிருப்பது மஜ்லிஸின் குணம். அரங்கின் இருட்டு ஓர் அருங்கொடை. அழுபவரின் வெட்கத்தை அது மறைக்கிறது. அருகிருப்பவரின் மூச்சு அவருடைய தனிமையை நீக்குகிறது. வீட்டின் தனியறையில் முன்னது உண்டு, பின்னது இல்லை.

தனித்துப் பார்ப்பதற்கென்றும் படங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. நிறுத்தி, திரும்பப் பார்த்து, நுணுகி ஆராய வேண்டிய படத்துக்குச் சபை இடைஞ்சலே. நோயாளிக்கும், முதியோருக்கும், கைக்குழந்தையுடைய தாய்க்கும் வீட்டுத்திரை ஒரு வரமே. தனிமை தவறன்று. தனிமை ஒன்றே வழியாகிவிடுவதுதான் கவலைக்குரியது.

மீண்டும் பெட்டி

சபையைப் பிரிந்த மனிதன் சபைக்காக ஏங்கினான் என்பதற்கு வரலாற்றில் ஒரு வேடிக்கையான சான்றுண்டு. தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்தபோது, நகைச்சுவை நிகழ்ச்சிகள் உயிரற்றுத் தோன்றின. 1950களில் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் ஒரு கருவி செய்தார். அதில் பலவகைச் சிரிப்புகள் பதிவாகியிருந்தன. விசைகளைத் தட்டினால் வேண்டிய சிரிப்பு வேண்டிய அளவில் வரும். வீட்டிலிருப்பவனுக்குத் துணையாக, இல்லாத சபையின் சிரிப்பைப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தார்கள்.

நம் ஊர்களில் அவ்வளவு விரைவில் சபை கலையவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பட்டபின், தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி வந்தது. அவ்வீட்டுத் திண்ணையே அரங்காயிற்று. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அண்டை அயலார் மதம் பாராமல் வந்தமர்ந்ததை நாற்பது வயது கடந்தோர் அறிவார்கள்.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் அரங்குகள் மூடப்பட்டன. தமிழகத்தில் அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் பாதி இருக்கைகளுடன் திறந்தபோது, இருக்கைக்கு இருக்கை இடைவெளி விட்டு அமர்ந்தார்கள். 2021 ஜனவரியில் முழு இருக்கைகளையும் அனுமதிக்க மாநில அரசு ஆணையிட்டு, நடுவண் அரசின் மறுப்பால் அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதற்குள் படங்கள் நேராக வீட்டுத் திரைக்கு வரப் பழகிவிட்டன. வீட்டுத் திரையிலிருந்து கைபேசிக்கு வரவும் பழகிவிட்டன.

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஐவர் இருந்தோம். ஐந்து கைகளில் ஐந்து கைபேசிகள். நால்வர் காதுகளில் ஒலிக்கருவி. என் இளைய மகள் திடீரெனச் சிரித்தாள். “என்னம்மா சிரிப்பு?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை, வாப்பா” என்றாள். உண்மையில் ஒன்றுமில்லைதான்; எடுத்துச் சொல்வதற்குள் அது போய்விட்டது. 1894இல் பிராட்வே வீதியில் பெட்டிகளின் மேல் குனிந்து நின்றவர்களை நான் நினைத்துக்கொண்டேன். ஒரு கடையில் இருந்த பத்துப் பெட்டிகளில் ஐந்து, இப்போது என் கூடத்திலேயே இருந்தன.

அன்றிரவு நானே ஒரு வேண்டுகோள் வைத்தேன். கைபேசிகளைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் சிரித்த படத்தை அனைவரும் சேர்ந்து சுவரிலுள்ள பெரிய திரையில் பார்த்தோம். அவள் முன்பு சிரித்த இடம் வருவதற்குச் சற்று முன்பே, நாங்கள் சிரிக்கிறோமா என்று எங்கள் முகங்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் முதலில் சிரித்தாள். மகளின் முகத்தில் அப்போது தோன்றிய மகிழ்ச்சி, தனியே சிரித்தபோது அவளிடம் நான் காணாதது.

நெரிசல் நிறைந்த அரங்கு வேண்டுமென்று நான் வாதாடவில்லை. முதற்காட்சியில் 33 பேர் இருந்தார்கள். எங்கள் கூடத்தில் ஐவர் இருந்தோம். ஜாஹிளுக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒருவர்தான். எண்ணிக்கையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். சுவையை உணரக்கூடிய அந்த ஒருவராக, நம் வீட்டில் தனியே சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் நாம் போய் அமர்கிறோமா என்பதே, பெற்றோராகிய நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.